ஏணியைப் பிடித்தவள்

எங்கள் தெருவில் என்னைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டியவர்கள் குறைவு. ஈப்போ புந்தோங்கில், அந்தப் பலகை வீட்டில் நாங்கள் குடியிருந்த காலம் முழுக்க, "ஏணிய விட்டாளே, அந்தப் பொம்பள" என்றால்தான் எல்லாருக்கும் புரியும். ரொட்டிக்காரனிடம் நிற்கும்போதும், மாதா கோயிலில் மண்டியிட்டிருக்கும்போதும் அந்தப் பேச்சு என் முதுகுக்குப் பின்னால் கேட்கும். மெதுவாகப் பேசுவதாக அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

நடந்தது எழுபதுகளின் கடைசியில். எனக்கு இருபத்தாறு வயது. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பிறந்து, கல்யாணம் ஆகும்வரை பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவள் நான். என் கணவர் ஈப்போவில் ஒரு டயர் பட்டறையில் வேலை செய்தார். தேய்ந்த லோரி டயர்களுக்குப் புது ரப்பர் ஒட்டுகிற வேலை. எந்நேரமும் அவர் மேல் சூடான ரப்பர் வாடை இருக்கும். எஸ்டேட்டில் வளர்ந்த எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. எங்களுக்கு ஒரு பெண் குழந்தை, அப்போது ஒன்றரை வயது.

அவருக்கு அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பொருள் இரவல் கேட்பது பிடிக்காது. சுத்தியல், ரம்பம், உளி எல்லாம் சொந்தமாக வைத்திருந்தார். ஏணியையும் அவரே செய்துகொண்டார். பட்டறைக்கு மெஷின் வந்த மரப்பெட்டியைப் பிரித்து, இரண்டு நீளச் சட்டங்களை எடுத்து, குறுக்கே பலகைத் துண்டுகளை ஆணியடித்துப் படியாக்கினார். பதினோரு அடி நீளம். செய்து முடித்ததும் மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை மேலிருந்து கீழ்வரை பூசினார். புது ஏணி மாதிரியே இருந்தது. தெருவில் இரண்டு பேர் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. படுக்கையறைக்கு மேலே தகரத்தில் ஆணி அடித்த ஓட்டை பெரிதாகி, கட்டிலின் கால்மாட்டில் தண்ணீர் சொட்டியது. கட்டிலை நகர்த்தினோம். அங்கேயும் சொட்டியது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, "இன்னைக்கு இத முடிச்சிர்றேன்லா" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். நான் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

வீட்டின் பின்சுவரை ஒட்டி லொங்காங் ஓடியது. நாலைந்து வீட்டுக் கழிவுத் தண்ணீர் போகிற சிமெண்டுக் கால்வாய். அதைத் தாண்டி நான் துணி துவைக்கிற சிமெண்டுத் தரை. வெயில் படாத இடம் என்பதால் தரையில் எப்போதும் பச்சையாகப் பாசி பிடித்திருக்கும். கூரை விளிம்பு தரையிலிருந்து ஒன்பதடி இருக்கும். அவர் ஏணியின் தலையைச் சரியாகக் கூரை விளிம்பில் முட்டுக்கொடுத்துவிட்டு, காலைச் சுவரிலிருந்து ஆறடி தள்ளி, அந்தப் பாசித் தரையில் வைத்தார்.

"ஏங்க, இவ்வளவு தள்ளி வைக்கணுமா?" என்று கேட்டேன்.

"சரிவா இருந்தாத்தான் ஏற சொகமா இருக்கும். நட்டமா வச்சா பின்பக்கம் சாஞ்சிரும், தெரியாதா?"

எனக்குத் தெரியாதுதான். மரம் வெட்டுகிற காலத்தில் உயரமான பட்டையை வெட்ட ரெண்டு படி வைத்த சின்ன ஏணி வைத்திருந்தோம். அதை மரத்தின் மேல் சாத்தினால் மண்ணில் ஊன்றி நின்றுவிடும். சிமெண்டில் ஏணி நிறுத்தி நான் பார்த்ததில்லை. "வழுக்குதுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"அதுக்குத்தானே நீ இருக்க. பிடி."

நான் பிடித்தேன். கீழே இருந்து இரண்டாவது படியில் ஒரு காலை வைத்து அழுத்தி, இரண்டு கையாலும் சட்டங்களைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஆணியும் சுத்தியலும் எடுத்து மேலே ஏறினார். நடுவில் போகும்போது ஏணி வில் மாதிரி வளைந்து ஆடியது. மேலே போய்த் தகரத்தில் குந்தி உட்கார்ந்து ஆணி அடித்தார். வானம் மூடிக்கொண்டு வந்தது. ஆணி அடித்து முடித்தபின் ஓட்டைகளில் பூசத் தார் வேண்டும் என்று நினைவு வந்தது அவருக்கு.

"இந்தா, முன்பக்கம் தார் டின்னு இருக்கு. ஓடிப் போய் எடுத்துட்டு வா."

"நான் போனா ஏணிய யாரு பிடிக்கிறது?"

"நான் எறங்கப் போறதில்லல்ல? மேலதான் இருக்கேன். சீக்கிரம் போ, மழை வருது."

போனேன். தார் டின் முன்வாசலில் சைக்கிளுக்குப் பக்கத்தில் இருந்தது. மூடி காய்ந்து இறுகிப்போயிருந்தது. அப்படியே எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். மேலே வைத்துக்கொண்டு அவரால் திறக்க முடியாதே என்று நினைத்து, சமையலறைக்குப் போய்க் கரண்டி எடுத்து வந்து நெம்பினேன். கரண்டி வளைந்தது. திருப்பி வைத்து நெம்பினேன். "எங்க போயிட்ட?" என்று பின்பக்கமிருந்து அவர் குரல் கேட்டது. "வாரேன்" என்றேன். அவருக்குக் கேட்டதோ என்னவோ. முதல் தூறல் தகரத்தில் விழுந்தது.

அப்புறம் கேட்டது மரம் சிமெண்டில் இழுபடும் சத்தம். பெரிய சத்தமில்லை. யாரோ பெஞ்சை நகர்த்துகிற மாதிரி. அதற்குப் பிறகுதான் விழுந்த சத்தம். அவர் கத்தவே இல்லை.

நான் போய்ப் பார்த்தபோது ஏணி தரையில் படுத்துக் கிடந்தது. அவர் லொங்காங்கின் ஓரக் கல்லில் முதுகுபடக் கிடந்தார். கண் திறந்திருந்தது. "தூக்கு" என்றார். "கால இழுத்துவிடு, லொங்காங்குல கெடக்கு."

அவர் கால் லொங்காங்கில் இல்லை. இரண்டு காலும் சிமெண்டின் மேல் நேராகக் கிடந்தன.

பக்கத்து வீட்டுக்காரரும் அவர் மகன்களும் ஓடி வந்தார்கள். காய்கறி ஏற்றுகிற வேன் ஒன்று தெருவில் நின்றது. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ண வேண்டும் என்றால் கடைமுனைக்குப் போக வேண்டும். மழை வலுத்துவிட்டது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். நான் இடுப்பைப் பிடித்தேன். வேனின் பின்பக்கம் இடம் போதாமல் அவரை மடக்கி உட்காரவைத்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் முதலில் கேட்டதே அதுதான், யார் தூக்கினீர்கள், எப்படித் தூக்கினீர்கள் என்று. நான் கையால் காட்டினேன். அதை எழுதிக்கொண்டார். இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று மூன்றாம் நாள் சொன்னார்கள். விழுந்ததால் போனதா, தூக்கியதால் போனதா என்று நான் கேட்கவில்லை. தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறேன் என்று அப்போது தோன்றியது.

என் கணவருக்கு அப்பா அம்மா இல்லை. ஒரே ஒரு அக்கா, சுங்காய் பக்கம் எஸ்டேட்டில் இருந்தார். தம்பியைத் தூக்கி வளர்த்தவர். செய்தி கேட்டு பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். வார்டில் பார்வை நேரம். பக்கத்துக் கட்டில்களைச் சுற்றியெல்லாம் ஆட்கள் நிற்கிறார்கள். நாத்தனார் தம்பியின் காலைத் தொட்டுப் பார்த்தார். கிள்ளிப் பார்த்தார். தம்பி முகம் மாறவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீதானே ஏணிய பிடிச்சிருந்த?"

"ஆமா அண்ணி."

"பிடிச்சிருந்தவ ஏன் கைய விட்ட?"

வார்டே திரும்பிப் பார்த்தது. நான் என் கணவரைப் பார்த்தேன். நன்றாக முழித்துக்கொண்டுதான் இருந்தார். நான் அனுப்பினேன்க்கா, தார் எடுக்க நான்தான் அனுப்பினேன் என்று ஒரு வார்த்தை. அதற்காகக் காத்திருந்தேன். அவர் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லியிருக்கலாம். ஆனால் கால் போன மனுஷனைக் கட்டிலில் வைத்துக்கொண்டு, "தப்பு உங்க தம்பி மேலதான்" என்று எந்த வாயால் சொல்வது? நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் அன்று வார்டில் இருந்தார்கள். அவர்கள் வீடு போய்ச் சேரும் முன்பே பேச்சு தெருவுக்குப் போய்விட்டது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். அவரும் ஏணியிலிருந்து விழுந்தவர்தான். குதிகால் எலும்பு இரண்டும் நொறுங்கிக் கட்டுப்போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். நாத்தனார் கேட்டதின் அர்த்தம் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். மறுநாள் மத்தியானம் என் கணவர் கண்ணை மூடியிருந்தபோது, கடைத்தெருவில் எல்லாரும் பேசுகிற பாசார் மலாயில் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். சுவர் எவ்வளவு உயரம், ஏணிக் கால் எவ்வளவு தள்ளி இருந்தது, தரை என்ன தரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, போர்வையின் மேல் விரலால் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

"நாலுக்கு ஒண்ணு" என்றார். "நாலடி ஏறினா, ஒரு அடி தள்ளி. ஒம்பதடிச் சுவருன்னா ரெண்டே கால் அடி. ஆறடி வச்சா அது ஏணி இல்ல, சறுக்குமரம். அதுவும் பாசியில."

"நான் பிடிச்சிருந்தேன். அப்புறந்தான் போனேன்" என்றேன்.

"நீ பிடிச்சிருந்தாலும் போயிருக்கும். ஆளு மேல பாதியில இருக்கும்போது கால் வழுக்குச்சுன்னா ரெண்டு ஆம்பளையாலயும் நிறுத்த முடியாது. உன்னையும் இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்." பிறகு தன் கட்டுப்போட்ட காலைக் காட்டினார். "என்னை ரெண்டு பேரு பிடிச்சிருந்தாங்க. கட்டணும். கயிறு போட்டுக் கட்டணும். நான் முப்பது வருஷம் கட்டினேன். அன்னைக்குக் கட்டல, ஒரே ஒரு சன்னல்தானேன்னு."

சரியான சரிவை எப்படிப் பார்ப்பது என்றும் காட்டித் தந்தார். கால் விரல் ஏணியின் காலைத் தொடும்படி நின்று, கையை நேராக நீட்டினால், உள்ளங்கை தோள் உயரப் படியில் போய் நிற்க வேண்டும். எட்டாமல் போனால் சரிவு அதிகம். கை மடங்கினால் நட்டம் அதிகம்.

இதையெல்லாம் கேட்டால் எனக்கு மனசு லேசாகியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவில்லை. திரும்பிப் பார்த்தபோது என் கணவர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சாயங்காலம் நான் கஞ்சி ஊட்டும்போது, "கண்டவங்கிட்ட எல்லாம் என்ன பேச்சு?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான்கு மாதம் ஆகியிருந்தது. பின் அறையில், சன்னலை ஒட்டிக் கட்டில் போட்டோம். அவரைத் திருப்பிப் போடுவது, துடைப்பது, மூத்திரக் குழாயைக் கழுவுவது எல்லாம் நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி செய்தேன். காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. அந்த நேரத்துக்குக் குழந்தையையும் அவரையும் எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துக்கொள்வார். அவரும் ஏணிப் பேச்சைப் பேசியவர்தான். ஆனாலும் வந்தார்.

பச்சை ஏணியை நானே கோடாலியால் பிளந்தேன். மூன்றாவது படியில் பெயிண்டுக்கு அடியில் குறுக்காக ஒரு வெடிப்பு ஓடியது. ஒரு சட்டத்தின் அடிப்பாகத்தைக் கரையான் உள்ளே தின்று கூடாக்கியிருந்தது. வழுக்காமல் இருந்திருந்தாலும் இன்னொரு நாள் உடைந்திருக்கும். அதையும் யாரிடமும் சொல்லவில்லை. வெந்நீர் அடுப்புக்கு விறகானது.

அடுத்த மழைக்காலத்தில் கூரை மறுபடியும் ஒழுகியது. இந்தத் தடவை அவர் கட்டிலுக்கு நேர் மேலே. முதலில் வாளி வைத்தேன். பிறகு பிளாஸ்டிக் விரிப்பைக் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். விரிப்பில் தண்ணீர் தேங்கிச் சாய்ந்து அவர் மேலேயே கொட்டியது. முதுகில் ஏற்கெனவே படுக்கைப்புண். ஈரம் பட்டு அது அழுக ஆரம்பித்தது. தெருவில் மூன்று பேரைக் கேட்டேன். "நாளைக்கு வாரேன்கா" என்றார்கள். எங்கள் வீட்டுக் கூரையில் ஏற அவர்களுக்கு மனசு வரவில்லை. அவர்கள் மனைவிமார் விட்டிருக்கவும் மாட்டார்கள். நான் கீழே நிற்பேனே.

ஒரு சனிக்கிழமை, துணி காயப்போடுகிற மூங்கிலின் நுனியில் கயிற்றைக் கட்டிக் கூரை விளிம்புவரை உயர்த்தி, தரை தொட்ட இடத்தில் முடிச்சுப் போட்டேன். அந்தக் கயிற்றைக் கைப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு டவுனில் ஒரு இரும்புச் சாமான் கடைக்குப் போனேன்.

கடைக்காரச் சீனர் என்ன வேண்டும் என்றார். ஏணி என்றேன். புருஷன் வரவில்லையா என்றார். இல்லை என்றேன். கயிற்றை எடுத்து நீட்டி, இந்த நீளம், இதற்கு மேல் மூன்றடி வேண்டும் என்றேன். ஏணி கூரையைத் தாண்டி மேலே நீண்டிருந்தால்தான் கூரையில் கால் வைக்கும்போது பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. என் கணவர் இறங்க முயன்றபோது பிடிக்க ஒன்றும் இல்லாமல் குப்புறத் திரும்பியிருப்பார் என்று எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தது.

முதலில் ஒரு மர ஏணியைக் காட்டினார். சிவப்புப் பெயிண்ட் பளபளத்தது. வேண்டாம், பெயிண்ட் அடித்தது வேண்டாம் என்றேன். பெயிண்ட் அடிக்காத மர ஏணியைக் காட்டினார். நல்ல கட்டை, படிகள் சட்டத்துக்குள் துளையிட்டு இறக்கியிருந்தன. தூக்கிப் பார்த்தேன். தோள்வரைதான் வந்தது. எனக்கு யார் கை கொடுப்பார்கள்? தனியாகத் தூக்க முடியாத ஏணியை வாங்கி என்ன செய்வது? அலுமினியம் ஏணிக்கு வந்தோம். காலில் கறுப்பு ரப்பர் குப்பி போட்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். தரையில் படுக்கப் போடச் சொல்லி நான்கு மூலையும் தரையைத் தொடுகிறதா என்று குனிந்து பார்த்தேன். ஒன்று தொடவில்லை. வேறு கொண்டுவரச் சொன்னேன். அடுத்ததைச் சுவரில் சாத்தி, சேலையை இடுக்கிக்கொண்டு கடைக்குள்ளேயே ஐந்து படி ஏறி நின்று குலுக்கினேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை.

"கரண்டுக் கம்பி எங்க இருக்கு உன் வீட்டுல?" என்று கேட்டார்.

"முன்பக்கம்."

"முன்பக்கம் இத எடுத்துக்கிட்டுப் போகாத. எப்பவும். இது கம்பியில பட்டா நீ கீழ விழ வேண்டிய தேவையே இல்ல."

கடை லோரி ஏணியைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனது. தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். வேலை விட்டு எல்லாரும் வீடு திரும்பியிருந்த நேரம். ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றார்கள். ஒருத்தரும் பேசவில்லை. நான் கடந்துபோன பிறகு பேசினார்கள்.

மறுநாள் பூசைக்குப் போகவில்லை. விடிந்ததும் வெளுப்பு மருந்து குளோராக்ஸை ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் சிமெண்டைத் தேய்த்தேன். வெளுத்துக் காயும்வரை விட்டேன். லொங்காங்கை ஒட்டி, சுவரிலிருந்து இரண்டே கால் அடியில், ஏணியின் காலை வைத்தேன். கால் பின்னால் நகராமல் இருக்க ஒரு கனமான பலகையைப் போட்டு, அதற்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லைப் புரட்டி முட்டுக்கொடுத்தேன். விரலை ஏணிக் காலில் வைத்து நின்று கையை நீட்டினேன். சரியாகப் படியில் போய் நின்றது. ஆனால் ஏணியைக் கட்ட வேண்டுமே, எதில் கட்டுவது? சுற்றிலும் பார்த்தால் இரும்பாக இருந்தது ஒன்றுதான், அவர் கட்டிலுக்குப் பக்கத்துச் சன்னல் கம்பி.

சன்னல் திறந்திருந்தது. அவர் ஒருக்களித்துக் கிடந்து நான் செய்வதையெல்லாம் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏணியின் இரண்டு சட்டத்தையும் சேர்த்துக் கயிற்றைச் சுற்றி, சன்னல் கம்பிக்குக் கொண்டுவந்து கட்டினேன். அவர் முகத்துக்கும் என் கைக்கும் ஒரு சாண் தூரம்தான்.

"அந்த முடிச்சு அவுந்துரும்" என்றார்.

அவிழ்த்தேன். "ரெண்டு தடவ சுத்து. அடியில விட்டு இழு. இன்னும் இழு." அவர் சொன்னபடி கட்டினேன். கட்டி முடித்ததும் அவர் கையை நீட்டிக் கயிற்றைச் சுண்டிப் பார்த்தார்.

ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் இரண்டு கால் ஒரு கை, இல்லையென்றால் இரண்டு கை ஒரு கால் ஏணியில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். தார் டின்னை முதலிலேயே திறந்து இடுப்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தேன். ஏணியின் தலைமாட்டையும் கூரைச் சட்டத்தில் கட்டினேன். கூரையில் கால் வைக்காமல் ஏணியிலிருந்தே கைக்கு எட்டியவரை பூசினேன். எட்டாத இடத்துக்காக உடம்பைச் சாய்க்கவில்லை. இறங்கி, எல்லாக் கட்டையும் அவிழ்த்து, ஏணியை நகர்த்தி, மறுபடி கட்டி, மறுபடி ஏறினேன். ஒரு ஓட்டைக்கு ஒரு மணி நேரம். பயத்தில் ஒருமுறை ஏணியிலேயே கொஞ்சம் மூத்திரம் போய்விட்டது. அதை இப்போது எழுத எனக்கு வெட்கமில்லை.

கடைசியாக இறங்கிச் சன்னல் கம்பியில் கயிற்றை அவிழ்க்கும்போது அவர் பேசினார்.

"அன்னைக்கு உன்ன அனுப்பினது நான்தான். மறக்கல."

நான் அவிழ்ப்பதை நிறுத்தினேன். ஒரு வருஷத்துக்கும் மேலாகக் காத்திருந்த வார்த்தை. "அப்ப அண்ணிகிட்ட சொல்லுங்க" என்றேன். "அடுத்த வாரம் வருவாங்கல்ல. ஒரு வார்த்த சொல்லுங்க."

"சொன்னா அக்கா வராது."

"ஏன் வராது?"

"தப்பு என்னுதுன்னா, இவன் தானா விழுந்தான், என்ன பண்றதுன்னு விட்டுருவாங்க. உன்னுதுன்னு இருந்தாத்தான் அய்யோ பாவம்னு வந்து பாப்பாங்க. அக்கா வராட்டி எனக்கு யாரு இருக்கா?"

"நான் இல்லையா?"

"நீ எங்க போவ?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. குரலில் கெட்ட எண்ணமும் இல்லை. படுத்துக்கிடந்து நாள்கணக்காக யோசித்து வந்த முடிவு என்று தெரிந்தது. நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்து கையிலிருந்த தாரை மண்ணெண்ணெயால் துடைத்தேன். அன்றைக்கு அவருக்குச் சோறு ஊட்டவில்லை. தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் கை நன்றாகத்தான் இருந்தது. மறுநாளிலிருந்து மறுபடி ஊட்டினேன்.

நாத்தனார் மாதம் தவறாமல் வந்து இரண்டு நாள் தங்கினார். வரும்போது தம்பிக்குப் பிடித்த கருவாடும் வாழைப்பழமும் கொண்டுவருவார். தம்பியின் தலையை மடியில் வைத்து எண்ணெய் தேய்ப்பார். என்னிடம் தேவைக்கு மேல் பேசமாட்டார். பேசினால் அதில் ஏணி இருக்கும். அவர் வரும் நாட்களில் என் கணவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், நான் பார்ப்பேன். அதைப் பார்த்துப் பார்த்து, நானாகவும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். தியாகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாத்தனார் இருக்கும் அந்த இரண்டு நாளும் அவரைத் திருப்பிப் போட ஒரு கை கிடைத்தது. நான் கொஞ்சம் தூங்கினேன்.

எண்பதுகளின் நடுவில் அவர் போய்ச் சேர்ந்தார். புண் எலும்புவரை போய், ஜுரம் வந்து, சிறுநீரகம் கெட்டு, பத்து நாளில் முடிந்தது. முப்பதாம் நாள் பூசைக்கு நாத்தனார் வந்து தங்கினார். வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, நடுவீட்டில் தம்பியின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "அன்னைக்கு நீ மட்டும் கைய விடாம இருந்திருந்தா" என்று ஆரம்பித்தார்.

"அண்ணி" என்றேன். "அவருதான் என்ன அனுப்பினாரு. தார் எடுத்துட்டு வரச் சொல்லி." எல்லாவற்றையும் சொன்னேன். பாசி, ஆறடி, தார் டின்னின் மூடி, சன்னலில் அவர் சொன்னது. அழாமல் சொன்னேன். நாத்தனார் வராமல் போய்விடுவார் என்ற பயத்தில்தான் அவர் தம்பி சொல்லவில்லை என்பதையும் சொன்னேன்.

நாத்தனார் எழுந்து தன் பையை எடுத்தார்.

"உயிரோட இருக்கும்போது அவன் கால எடுத்த. செத்த பிறகு அவன் பேர எடுக்குறியா?"

அன்றே பஸ் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சில வருஷம் கழித்து அவர் இறந்த செய்திகூட மூன்றாம் ஆள் மூலமாகத்தான் வந்தது.

நாத்தனார் கிளம்பிப் போன அன்று என் மகள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எட்டு வயதிருக்கும் அவளுக்கு. நான் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து குந்தினாள்.

"அம்மா, அப்பா பொய் சொன்னாரா?"

"சொல்லல. பேசாம இருந்தாரு."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"இல்ல" என்று சொல்லிவிட்டுச் சட்டியைத் தேய்த்தேன். அவளிடம் அன்று சொன்ன பதில் சரிதானா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.